பந்துதான் மாடு

அந்த அண்டாவை நான் முதன்முதலில் பார்த்தபோது ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

மைக் மேசையின்மேல் அது உட்கார்ந்திருந்தது. ஒரு கல்யாணத்துக்கே சாம்பார் வைக்கலாம், அவ்வளவு பெரியது. காலை வெயில் அதில் பட்டு, ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த மூன்று கல்லூரி முதல்வர்களின் முகத்திலும் அடித்தது. மூவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஆட்டம் பிடிக்காமல்தான் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் எப்போதும் அப்படித்தான் நினைப்பேன்.

“கோலு போடுற பொண்ணு யாரு? போட்டுப் பாரு! போட்டுப் பாரு!” ஒலிபெருக்கியில் வந்த என் மாமாவின் குரல் கீரமங்கலம் முழுக்கக் கேட்டிருக்கும். “போட்டா அந்தப் பொண்ணுக்கு, பாத்திரக்கடை உபயம், ஒரு சில்வர் அண்டா! ஒத்தைக் கோலு, ஒத்தை அண்டா!”

களத்தில் சக்கரக் காலணியோடு ஓடிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரின் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. பந்து மட்டும் தனியாக உருண்டுபோய் உமி மூட்டையில் முட்டி நின்றது.

என் ஒரு கையில் மகளின் தண்ணீர் பாட்டில். தோளில் கைப்பை. பைக்குள் பஞ்சு, டெட்டால், ஈரத் துடைப்பான், பிஸ்கட், ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில்தான் மூன்று முதல்வர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு நடக்கும் மூன்று ஆட்டங்களும் யாருக்கும் அடிபடாமல் முழுதாக முடிந்தால் எங்கள் மூன்று கல்லூரிகளுக்கும் இடையே பெண்கள் ரோலர் ஹாக்கி லீக் உண்டு. ஒன்று பாதியில் நின்றாலும் சக்கரக் காலணிகள் பெட்டிக்குள் போய்விடும். இதுதான் பேச்சு.

அண்டா அந்தப் பேச்சில் இல்லை.

நன்றிக் கடிதம் முந்திக்கொண்டது

பிரசவத்துக்காக எடுத்த இரண்டு வருட விடுப்பு முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பியதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாப் பொறுப்புகளையும் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். நூலகம், தேர்வு, கலைவிழா எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. மிச்சமிருந்தது விளையாட்டு.

நான் வணிகவியல் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆட்டத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்ததுதான் என் விளையாட்டு அனுபவம். எழுந்து ஓடும் முறை எனக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். இதை முதல்வரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் உத்தரவு கையில் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வளைகுடாவிலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் பழைய மாணவி ஒருத்தியின் கணவர் பேசினார். அவர் வேலை பார்த்த விளையாட்டுக் கூடத்தை மூடுகிறார்களாம்.

“மேடம், இருபத்து நாலு ஜோடி ஷூ இருக்குங்க. எல்லாம் நல்ல ஷூ. தூக்கிப்போட மனசு வரல. நம்ம காலேஜுப் புள்ளைகளுக்கு அனுப்பட்டுங்களா?”

எங்கள் முதல்வர் அம்மா நன்றி சொல்வதில் தாமதம் செய்யமாட்டார். ‘ஏழை மாணவியரின் பாதங்களைக் காக்க முன்வந்த தங்கள் ஈகை’ என்று கடிதம் அன்றே போய்விட்டது. பெட்டி ஒன்றரை மாதம் கழித்துத்தான் வந்தது.

பிரித்தோம். ஒவ்வொரு ஷூவின் அடியிலும் நான்கு சக்கரங்கள் இருந்தன.

அலுவலக உதவியாளர் அக்கா ஒன்றை எடுத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். “இதப் போட்டுக்கிட்டுப் புள்ளைக எப்புடிங்க மேடம் பஸ்ஸு ஏறும்?” என்று கேட்டார்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ ஒரு குழு கலைக்கப்படப் போகிறது என்று அர்த்தம். அன்று கலைக்கவில்லை. பெட்டியின் அடியில் ஐந்து குட்டையான வளைந்த மட்டைகளும், கையில் எடுத்தால் தேங்காய்போல் கனக்கும் ஒரு பந்தும் கிடந்தன. இது என்ன விளையாட்டு என்று செல்பேசியில் தேடியதும் நான்தான், கண்டுபிடித்ததும் நான்தான். தேடாமலே இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும்.

“நன்றி சொல்லியாச்சு,” என்றார் முதல்வர். “இனிமே வேணாம்னு சொல்ல முடியாது. ஆட வைங்க.”

“யாருகூட மேடம் ஆடுறது? நம்ம மாவட்டத்துல வேற யாருகிட்டயும் இது இல்லையே.”

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். “அப்ப அவங்களுக்கும் குடுத்துருவோம்.”

ஆளுக்கு எட்டு ஜோடி என்று கணக்காயிற்று. எங்களுக்கு எட்டு, திருமயம் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு எட்டு, கறம்பக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு எட்டு. லீக் இப்படித்தான் பிறந்தது. எதிரியை நாங்களே ஷூ கொடுத்து உண்டாக்கினோம்.

மட்டை போதவில்லை. எங்கள் ஊரில் தென்னைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த மட்டையின் அடிப்பகுதி வளைந்துதான் இருக்கும். தச்சர் ஒருவர் அதைச் செதுக்கிக் கொடுத்தார். முதலில் செய்ததில் எறும்பு இருந்தது. அடுத்தடுத்தவை நன்றாக இருந்தன.

கடலையும் சக்கரமும்

கல்லூரி மைதானம் செம்மண். சக்கரம் ஒரு முழம்கூட ஓடாது. சிமெண்டுத் தரை அகலமாக இருந்த ஒரே இடம் நெல்லும் கடலையும் காயவைக்கும் ஊராட்சி உலர்களம். விவசாயிகளிடம் கேட்டோம்.

“ஆடிக்கங்க. வெயில் எறங்குனப்பறம் வாங்க, நாங்க அள்ளிருவோம். ஆனா கூட்டிட்டு ஆடுங்க. ஆடிட்டும் கூட்டுங்க,” என்றார்கள்.

கூட்டினோம். ஆனாலும் தினமும் ஒரு கடலை எங்காவது தப்பிக் கிடக்கும். அது சரியாகச் சந்தியாவின் சக்கரத்துக்குக் கீழே போகும்.

சந்தியா மூன்றாம் ஆண்டு. நிதானமான பெண். விழுவாள், ஆனால் எழுந்திருக்க அவசரப்படமாட்டாள். மல்லாந்து படுத்தபடியே, “கடலைதான் மேடம். ஒடைஞ்சிருச்சு. திங்கலாம்,” என்பாள். கோல் காவலுக்கு யார் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான். “அங்க நின்னா ஓட வேணாம்ல மேடம்?”

மலர்விழி நேர் எதிர். காலையில் வீட்டுப் பூவைச் சைக்கிளில் சந்தைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அப்புறம்தான் கல்லூரிக்கு வருவாள். காலில் சக்கரம் இல்லாதபோதே அவள் பின்னால் யாரும் ஓட முடியாது. அவளை அணித் தலைவியாக்கினேன்.

நெல்லைக் கூட்டித் தள்ளும் பலகை ஒன்று களத்தில் கிடக்கும், நீளக் கைப்பிடி வைத்தது. அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டேதான் எல்லாரும் நிற்கப் பழகினார்கள். நான் ஓரமாக நின்றுகொண்டு, “பாத்து! பாத்து!” என்று கத்துவேன். வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மகள் யாழினிக்கு அப்போது இரண்டரை வயது. அவளையும் இடுப்பில் வைத்திருப்பேன். அவளைப் பார்த்து ஒரு ‘பாத்து’, அவர்களைப் பார்த்து ஒரு ‘பாத்து’. கொஞ்ச நாளில் மாணவிகளிடையே என் பெயர் ‘பாத்து மேடம்’ ஆகிவிட்டது. எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள். தெரியாததுபோலவே இருந்தேன்.

ஆட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயிகள் நாள் முழுக்கக் களத்தை விட்டுக்கொடுத்தார்கள். களத்தைச் சுற்றித் தடுப்புக்கு ரைஸ்மில்லிலிருந்து உமி மூட்டைகள் வந்தன. முட்டினாலும் வலிக்காது. அந்த ஒரு யோசனை மட்டும் என்னுடையது, அதை நான் ஒருநாளும் மறுபரிசீலனை செய்ததில்லை. மூட்டை வெடிக்கும் என்று மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

மாமா கேட்ட ஒரே கேள்வி

லீக் என்றால் வர்ணனை வேண்டும் என்று முதல்வர் சொன்னார். என் வீட்டிலேயே ஆள் இருந்தார். என் மாமனாரின் தம்பி, எனக்கு மாமா.

தை பிறந்துவிட்டால் மாமாவை வீட்டில் பார்க்க முடியாது. சுற்றுவட்டாரத்தில் எங்கே ஜல்லிக்கட்டு நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். மாட்டின் பெயர், மாட்டுக்காரர் பெயர், ஊர், பரிசு எல்லாம் மூச்சு விடாமல் வரும். எங்கள் பக்கத்து ஜல்லிக்கட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் பரிசு சொல்வார்கள். கட்டில், அண்டா, சைக்கிள், ஆடு என்று கடைக்காரர்களும் ஊர்க்காரர்களும் கொடுப்பார்கள். மாட்டைப் பிடித்தால் பரிசு பிடித்தவருக்கு. யாரும் பிடிக்காவிட்டால் மாட்டுக்காரருக்கு. மைக் பிடித்துக்கொண்டு பரிசு சொல்லாமல் இருப்பது மாமாவுக்குத் தெரியாத வேலை.

நான் விதிமுறைகளை இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தேன். தவறான காலணி, தடைசெய்யப்பட்ட மோதல் என்று உட்பிரிவுகளோடு. மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்து முடிக்கும்வரை அதைப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“எல்லாம் சரிதான். ஒண்ணு மட்டும் வெளங்கலையே ஆத்தா. இதுல மாடு யாரு?”

அந்த நொடியில் யாழினி கொத்தமல்லிக் கட்டிலிருந்த ரப்பர் பேண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். நான் அவள் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டே சொன்னேன்:

“பந்துன்னு வச்சுக்கங்க, மாமா.”

“அட, அம்புட்டுத்தானா!” மாமா எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “ஒண்ணும் பயப்படாத. நான் பாத்துக்கிறேன்.”

ரப்பர் பேண்ட் வந்துவிட்டது. மாமாவும் போய்விட்டார். பந்து மாடு என்றால் பந்தை வலைக்குள் தள்ளுகிறவள் மாடு பிடித்தவள். மாடு பிடித்தவளுக்குப் பரிசு கொடுக்காவிட்டால் அவமரியாதை. இதெல்லாம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை அண்டாவைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. மாமா சனிக்கிழமை முழுதும் கடைத்தெருவில் ஏறி இறங்கியிருக்கிறார். அண்டா தவிர நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை விசிறி, ஒரு ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டியை ஷாமியானாக் காலில் கட்டியிருந்தார்கள். அது எங்கள் அழைப்பிதழைத் தின்றுகொண்டிருந்தது.

யாரும் யாருக்கும் தரவில்லை

முதல் ஆட்டம் எங்களுக்கும் கறம்பக்குடிக்கும். அண்டா அறிவிப்புக்கு முன்னால் எங்கள் பெண்கள் அழகாக ஆடினார்கள். மலர் தட்டினால் கவிதா வாங்குவாள், கவிதா தட்டினால் மலர் வாங்குவாள். மாதக்கணக்கில் கடலை பொறுக்கிப் பழகிய பழக்கம்.

அண்டாவுக்குப் பிறகு மலர் கவிதாவிடமிருந்தே பந்தைப் பிடுங்கினாள்.

“ஏய், நான் ஒன் டீமுடி!”

“தெரியும்டி. தள்ளு.”

கவிதா விடவில்லை. இருவரும் எதிரணியை மறந்துவிட்டு ஒருவரையொருவர் துரத்தினார்கள். எதிரணிக்கு இது தெரியவில்லை. அவர்களும் அவர்களுக்குள் துரத்திக்கொண்டிருந்தார்கள். பந்து யாரிடம் போனாலும் அவள் தலையைக் குனிந்துகொண்டு தனியாக வலையை நோக்கிப் பறந்தாள். மீதி ஏழு பேரும் பின்னால் பறந்தார்கள். இரண்டு கோல் காவலர்கள் மட்டும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். சந்தியா மட்டையைக் கன்னத்துக்கு முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தாள்.

கறம்பக்குடி பயிற்சியாளர் என்னிடம் ஓடி வந்தார்.

“என்னங்க மேடம் இது அநியாயமா இருக்கு? எங்க பொண்ணுங்க வெளையாட வந்திருக்காங்க. பாத்திரம் வாங்க வரல.”

அவருக்குப் பின்னால் அவருடைய அணித் தலைவி மூச்சிரைக்க வந்து நின்றாள். “சார், கொஞ்சம் தள்ளுங்க சார். அண்டாவ மறைக்கிறீங்க.”

நான் மாமாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அப்போதே போகவில்லை. பெரியவர், ஊரெல்லாம் கேட்டுப் பரிசு சேர்த்திருக்கிறார், எல்லார் முன்னாலும் நிறுத்தச் சொன்னால் மனசு வருத்தப்படுவார் என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் லீக் போய்விடுமே என்றும் யோசித்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து முடிப்பதற்குள் மலரும் கவிதாவும் ஒரே பந்துக்குப் பாய்ந்து, இருவரும் சேர்ந்து உமி மூட்டைக்குள் போய்விட்டார்கள்.

மூட்டை வெடித்தது.

உமி ஆள் உயரத்துக்கு எழுந்து, மெதுவாக, மிக மெதுவாகக் களம் முழுவதும் இறங்கியது. நடுவராக இருந்த திருமயம் ஆசிரியர் விசில் ஊதினார். விசிலுக்குள்ளும் உமி போய்விட்டது. நான் டெட்டாலோடு ஓடினேன். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தலையிலிருந்து கால்வரை உமி ஒட்டிக்கொண்டு, இப்போதுதான் மில்லிலிருந்து வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீதான்டி.”

“நீதான்டி.”

“உமியில சக்கரம் ஓடாது,” என்றார் கறம்பக்குடி பயிற்சியாளர். “கூட்டி முடிங்க, பாக்குறோம். அதுக்கப்பறமும் இப்புடித்தான்னா நாங்க வண்டியேறிருவோம் மேடம். கோவிச்சுக்காதீங்க.”

ஷாமியானா பக்கம் பார்த்தேன். எங்கள் முதல்வர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். உமிக்காகவும் இருக்கலாம்.

மாட்டுக்காரி

எல்லாரும் விளக்குமாறு எடுத்தார்கள். நான் மைக் மேசைக்குப் போனேன்.

“மாமா, நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேங்க. பரிசச் சொல்லாதீங்க.”

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சொல்லாம? கடைக்காரங்க குடுத்திருக்காங்க ஆத்தா. மேசையில வச்ச பரிசு திரும்பிப் போனா நாளைக்கு நான் அந்தத் தெருவுல நடக்கணுமா வேணாமா?”

“அப்ப ரெண்டு பேரு சேந்து கோல் போட்டாத்தான் பரிசுன்னு சொல்லுங்க. ஒருத்தி குடுக்கணும், இன்னொருத்தி போடணும்.”

மாமாவின் முகம் மாறிவிட்டது. முப்பது வருட வர்ணனையாளரின் முகம் அது. “ரெண்டு பேரு சேந்து புடிச்சாச் செல்லாது. எந்த வாடிவாசல்லயும் செல்லாது. மாட்டை ஒரு ஆளுதான் புடிக்கணும். ரெண்டு பேரு தொட்டா வெளிய போகச் சொல்லிருவோம்.”

அதுதான் சங்கதி. நான் சொன்ன ஒரு வார்த்தையை அவர் நேர்மையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பந்து மாடு இல்லை என்று இப்போது சொன்னால், பிறகு எது மாடு என்று கேட்பார். களத்தில் உமியைக் கூட்டி முடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் சட்டென்று யோசித்த தருணங்கள் குறைவு. அன்று ஒன்று வந்தது.

“சரிங்க மாமா. பந்துதான் மாடு. வாடிவாசல்ல மாட்ட அவுத்து விடுறது யாரு?”

“மாட்டுக்காரரு.”

“அவருக்கும் பரிசு உண்டுல்ல?”

“பின்ன? அவரு இல்லாம மாடு ஏது?”

“அதான் மாமா. ஒருத்தி பந்த இன்னொருத்திக்கு அவுத்து விடுறா. அவதான் மாட்டுக்காரி. அண்டா அவளுக்கு.”

மாமா அண்டாவைப் பார்த்தார். களத்தைப் பார்த்தார். மீசையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினார்.

“இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல ஆத்தா! இம்புட்டு வெவரத்த வச்சுக்கிட்டு ரெண்டு பக்கம் டைப் அடிச்சுக் குடுத்திருக்கியே!”

களத்தைச் சுற்றிலுமிருந்து கைதட்டல் கேட்டது. ஒரு விவசாயி துண்டைச் சுழற்றினார். “நல்லாச் சொன்ன தாயி!” என்று இன்னொருவர் கத்தினார். அப்போதுதான் கவனித்தேன். மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. நான் தப்பாகச் சொன்னதை ஒப்புக்கொண்டது உட்பட எல்லாவற்றையும் ஊர் கேட்டிருக்கிறது.

நீ போடுடி

இரண்டாம் பாதி தொடங்கியது. மாமா புதிய சட்டத்தை அறிவித்தார். “கோலு விழுந்தா, பந்த அவுத்து விட்ட பொண்ணுக்கு அண்டா! அவுத்து விடு, அவுத்து விடு!”

மலர் உடனே கவிதாவுக்குத் தட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவிதா திருப்பி மலருக்குத் தட்டினாள். மலர் இன்னொருத்திக்கு. அவள் மறுபடி கவிதாவுக்கு. என்ன அழகு! மூன்றாவது நிமிடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

யாரும் வலையை நோக்கி அடிக்கவில்லை.

மலர் எதிர்வலைக்கு இரண்டடி முன்னால் தனியாக நின்றாள். முன்னால் யாருமில்லை. கோல் காவலர்கூடத் தடுக்கி உட்கார்ந்திருந்தாள். மலர் திரும்பிக் கவிதாவுக்குத் தட்டினாள்.

“நீ போடுடி!”

“நான் ஏன் போடணும்? நீ போடு. நான் குடுக்குறேன்.”

“நான்தான மொதல்ல குடுத்தேன்!”

எதிரணியும் அதையே செய்தது. இரண்டு வலைக்கு முன்னாலும் மரியாதை தாங்கவில்லை. மாமாவுக்குக் குரல் கட்டிக்கொண்டது. “யாராச்சும் புடிங்கம்மா! மாடு சும்மா நிக்கிது!” பார்க்க வந்தவர்கள் ஷாமியானாவுக்குப் பின்னால் டீ குடிக்கப் போனார்கள். மாட்டுக்காரி யோசனையைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கடைசி நிமிடம். எதிரணி இரண்டு பேர் முன்னால் வந்து நின்றதும், மலர் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பந்தைப் பின்னாலேயே தட்டினாள். அது களத்தின் பாதியைத் தாண்டி உருண்டுபோய்ச் சந்தியாவின் காலடியில் நின்றது.

சந்தியா கன்னத்திலிருந்து மட்டையை எடுத்தாள். அவளுக்குப் பசி நேரம்.

“போங்கடி அங்கிட்டு!” என்று முழு பலத்தோடு ஒரு அடி அடித்தாள்.

அந்தப் பந்து எல்லாரையும் தாண்டியது. கவிதா விலகினாள், எதிரணி விலகியது. மலர் மட்டும் அண்டாவைப் பார்த்துக்கொண்டு, தென்னை மட்டையைத் தரையில் ஊன்றி நின்றிருந்தாள். பந்து அந்த மட்டையில் ‘டொக்’கென்று பட்டுத் திசைமாறி எதிர்வலைக்குள் போனது. மலருக்குத் தெரியவே தெரியாது. அவள் மட்டைதான் கோல் போட்டது.

விசில் ஒலித்தது. அண்டா அதிரும்படி மாமா கத்தினார்.

“மாட்டுக்காரி யாரு? வலைக்குள்ள நிக்கிற பொண்ணு! அவுத்து விட்டா பாரு, அதுல்ல அவுத்து விடுறது! வா தாயி, வந்து பரிச வாங்கிக்க!”

சந்தியா என்னைப் பார்த்தாள். “மேடம், அங்கன வரைக்கும் போகணுமா? இங்க கொண்டாந்து தரச் சொல்லுங்களேன்.”

கையெழுத்து

அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கும் மாமாவே ஒரு தீர்வு கண்டார். விழாக் கமிட்டி என்ற முறையில் தான் ஒருவராகக் கூடி, அவுத்து விட்டவளுக்கு ஒரு பரிசு, பிடித்தவளுக்கு ஒரு பரிசு என்று முடிவெடுத்தார். அதன்பின் பந்தும் போனது, கோலும் விழுந்தது. ஆட்டுக்குட்டி திருமயத்துக்குப் போயிற்று. அது போகிற வழியெல்லாம் எங்கள் அழைப்பிதழை மென்றுகொண்டே போனது.

மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஷாமியானாவுக்குப் போனேன். மற்ற இரு முதல்வர்களும் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் முதல்வர் அம்மா பேனாவைத் திறந்தார்.

“யாருக்கும் அடி கிடி இல்லையே?”

“இல்ல மேடம்.”

“உங்க குழந்தை எங்க? காலையில பாத்தேன்.”

“எங்க அத்தைகிட்ட இருக்கா மேடம். பத்திரமா.”

அந்த நேரம் பார்த்துக் களத்திலிருந்து ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. திரும்பினேன். அண்டாவின் இரண்டு காதிலும் துப்பட்டாவைக் கட்டி, மலரும் கவிதாவும் சக்கரக் காலணியோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். பின்னாலிருந்து சந்தியா தள்ளினாள், வழக்கத்தைவிட வேகமாக. அண்டாவுக்குள், விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் மகள் உட்கார்ந்திருந்தாள். அத்தை அந்தப் பக்கம் கைதட்டிக்கொண்டிருந்தார்.

‘பாத்து’ என்று கத்த வாயெடுத்தேன். முதல்வரின் பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. கடைசி நேரத்தில் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அண்டா மைக் மேசையைக் கடந்தபோது மாமா மைக்கை எட்டி நீட்டினார்.

“பாத்து!” ஊர் முழுக்க யாழினியின் குரல் கேட்டது. “பாத்து! பாத்து! ஏய், பாத்து!”

என் பட்டப்பெயர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்த மாணவிகள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கறம்பக்குடி பயிற்சியாளரும் சிரித்தார். எங்கள் முதல்வர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாதுகாப்புக்கு யாரு பொறுப்புன்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல யாரு பேரு எழுதுறது? உங்க பேரா, அவ பேரா?” என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டே போட்டதால் அது மட்டும் கோணலாக இருக்கும்.

அண்டாவின் அடி முழுக்கக் கீறலாகிவிட்டது. அன்று மாலை அதைச் சந்தியாவின் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கியபோது நான் அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கடையில் சொல்லி மாற்றித் தரட்டுமா என்றும் கேட்டேன்.

அவர் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தார், நிமிர்த்தினார், உள்ளே தட்டிப் பார்த்தார்.

“கீறலு அடியிலதானங்க டீச்சர்? அடுப்புல ஏத்துனா யாரு பாக்கப் போறா. மூடிதான் இல்ல.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அடுத்த வருசமும் ஆட்டம் உண்டுங்களா?”

“உண்டு,” என்றேன்.

சொல்லிவிட்டு, சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று நான் யோசிக்காத பதில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.